சிக்கன உற்பத்தி முறையும் மாங்கூழ்த் தொழிலும்

சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில், ஆந்திர மாநிலத்தின் எல்லையையொட்டி அமைந்துள்ளது குடிபாலா. தெலுங்கும் தமிழும் ஒருங்கே வழங்கும் இவ்வட்டாரத்திலும், இதைச் சூழ்ந்த சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும் மா முக்கியமான பணப்பயிராகும். இங்கு விளையும் இனங்களுள் தோத்தாபுரி மிகுதி. தமிழ்நாட்டில் இதைப் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் அழைப்பர். இதன் பெரும்பகுதி கூழாக்கப்பட்டு, பானங்கள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கிறது. ஆகவே இப்பழத்தின் விலை பெரும்பாலும் தொழிற்சாலையின் வாயிலிலேயே நிர்ணயமாகிறது.

2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வாயில்களின் முன்னே லாரிகளும் டிராக்டர்களும் நீண்ட வரிசையில் நின்றன. விளைச்சல் மிகுதியாயிருந்தது, முந்திய பருவத்தில் எடுத்த கூழில் ஒரு பகுதி விற்பனையாகாமல் கிடங்குகளில் இருந்தது, தொழிற்சாலைகள் புதிய பழத்தை வாங்கத் தயங்கின. விலை வீழ்ந்தது. கிலோ ஒன்றுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டுமென்றும், அதில் 8 ரூபாயைத் தொழிற்சாலைகளும் 4 ரூபாயை அரசும் அளிக்க வேண்டுமென்றும் மாநில அரசு ஏற்பாடு செய்தது. எனினும் வரிசையில் நின்ற பழம் காத்திருக்கவில்லை. பறித்த மாங்காயும் சுவாசிக்கும் பொருளே. குவியலின் நடுவே வெப்பம் ஏறுகிறது. சில காய்கள் முன்னதாகப் பழுக்கின்றன. அடியிலுள்ளவை நசுங்கி அழுகுகின்றன. நின்ற ஒவ்வொரு நாளும் எடை குறைந்தது.

இந்நிலையை விளங்கிக்கொள்ளவும், ஓரளவு தவிர்க்கவும் உதவும் ஒரு நிர்வாக முறை உண்டு. தொழிற்சாலைகளில் ‘லீன்’ என்று வழங்கும் அதனைச் சிக்கன உற்பத்தி முறை எனலாம். மோட்டார்த் தொழிலில் தோன்றிய அம்முறையின் கருத்துக்களையும், மாங்கூழ்த் தொழிலுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முறையின் தோற்றம்

இம்முறையின் வேர்களுள் ஒன்று நெசவுத் தொழிலில் உள்ளது. ஜப்பானியரான சாகிச்சி டொயோடா 1924-இல் நிறைவு செய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும். அதனால் பழுதான துணி மேன்மேலும் நெய்யப்படுவது தவிர்ந்தது. தறியொன்றுக்கு ஒருவர் என்று காவல் இருக்க வேண்டிய தேவை நீங்கி, ஒரு தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. பழுது நேர்ந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, காரணத்தைக் கண்டு நீக்குதல் என்னும் கொள்கை இதிலிருந்து பிறந்தது.

அவருடைய மகன் கீச்சிரோ டொயோடா 1937-இல் மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1949-இல் ஜப்பானில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியில், செய்து வைத்த வண்டிகள் விற்பனையாகாமல் தேங்கின; ஊதியம் தருவதற்கும் பணமில்லை. 1950-இல் பெரிய வேலை நிறுத்தம் மூண்டது. 1600-க்கு மேற்பட்டோர் வேலையை விட்டு நீங்கினர். கீச்சிரோவும் தலைமைப் பதவியைத் துறந்தார். விற்காத சரக்கு ஒரு நிறுவனத்தை எவ்வாறு முறிக்கும் என்பதை அந்நிறுவனம் இவ்வாறு அனுபவத்தால் அறிந்தது.

அந்நிறுவனத்தின் யந்திரப் பட்டறையில் பணியாற்றிய தாயிச்சி ஓனோ, அடுத்து வந்த ஆண்டுகளில் புதிய முறையொன்றைப் படிப்படியாக வகுத்தார். அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட்டுகளில் வாடிக்கையாளர் எடுத்துச் சென்ற அளவுக்கே அலமாரியில் சரக்கு மீண்டும் நிரப்பப்படுகிறது. அதுபோலவே, பின்னுள்ள கட்டம் எடுத்துக்கொண்ட அளவையே முன்னுள்ள கட்டம் செய்ய வேண்டும் என்று அவர் ஏற்படுத்தினார். எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதை அறிவிக்கும் சிறு அட்டைக்குக் ‘கான்பன்’ என்று பெயர். பின்னாளில், 1988-இல், ஜான் கிராஃப்சிக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இம்முறையைக் குறிக்க ‘லீன்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். கொழுப்பு நீங்கித் தசை குன்றாத உடலை அச்சொல் நினைவூட்டும். உடல் மெலிந்து நோயுறுவதை அது குறிக்காது.

ஏழு வகை விரயங்கள்

வாங்குவோருக்குப் பயன் சேர்க்காமல் செலவை மட்டும் சேர்க்கும் யாவும் விரயம் என்பது இம்முறையின் அடிப்படை. ஓனோ அதனை ஏழாக வகுத்தார். மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் அவை தோன்றும் விதத்தை இங்கே காணலாம்.

முதலாவது, அளவுமீறிய உற்பத்தி: கொள்வோர் இருக்கின்றனரா என்று அறியாமல் கூழெடுத்து நிரப்புதல். இரண்டாவது, காத்திருத்தல்: வாயிலில் நிற்கும் லாரியும், கொதிகலன் நின்றதால் கைகட்டி நிற்கும் தொழிலாளரும். மூன்றாவது, தேவையற்ற போக்குவரத்து: ஒரே பழப்பெட்டியை ஒரு கொட்டகையிலிருந்து மற்றொன்றுக்கும், அங்கிருந்து வேறொன்றுக்கும் மாற்றுதல். நான்காவது, தேவையற்ற செய்முறை: ஒருமுறை தரம் பிரித்த பழத்தை மறுமுறையும் பிரித்தல். ஐந்தாவது, தேங்கும் சரக்கு: விற்பனைக்குக் காத்திருக்கும் பீப்பாய்கள். ஆறாவது, வீண் அசைவு: மேசை தாழ்ந்திருப்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிலாளி குனிந்து நிமிர்தல். ஏழாவது, பழுது: சோதனையில் தள்ளப்படும் கூழ்.

இவற்றுள் அளவுமீறிய உற்பத்தியே தலையாய தீமை என்று ஓனோ கருதினார். ஏனெனில் ஏனைய விரயங்களை அது ஈன்று மறைத்தும் வைக்கிறது. மாங்கூழ்த் தொழில் இதற்குத் தக்க சான்று. அழுகிய பழத்தின் விரயத்தை நாற்றமே காட்டிக்கொடுக்கும். ஆனால் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பையில் நிரப்பி, பீப்பாயில் அடைத்த கூழ் ஓராண்டுக்கு மேலும் கெடாது. ஒழுங்காக அடுக்கப்பட்ட பீப்பாய்கள் காண்போருக்குச் செல்வமாகவே தோன்றும். அடுத்த பருவத்தில் பழத்தை வாங்கப் பணமும் இடமும் இல்லாதபோதுதான் அவற்றின் உண்மையான விலை தெரியவரும். 2025-இல் வாயிலில் நின்ற வரிசையின் ஒரு முனை முந்திய ஆண்டின் கிடங்கில் இருந்தது.

இதனால் சரக்கே கூடாது என்று கொள்ளலாகாது. மரம் ஆண்டில் சில வாரங்களே காய்க்கிறது. பானம் பன்னிரண்டு மாதமும் விற்கிறது. இரண்டையும் இணைக்கக் கூழைச் சேமித்தே தீர வேண்டும். அச்சேமிப்பு விரயமன்று. அடுத்த பருவம் வரையிலான தேவையைக் கணித்து, அதற்கு மேற்பட்டு நிரப்புவதே விரயமாகும்.

காத்திருப்பின் கணக்கு

வரிசைக்கும் காத்திருக்கும் காலத்திற்கும் உள்ள தொடர்பை ஓர் எளிய சூத்திரம் கூறுகிறது. ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961-இல் இதற்கு நிரூபணம் அளித்தார். நெடுங்காலச் சராசரியில், வரிசையிலுள்ள அளவு, ஒரு நாளில் கடந்து செல்லும் அளவையும் ஒன்று காத்திருக்கும் நாட்களையும் பெருக்கினால் கிடைப்பதாகும். ஆகவே வரிசையின் அளவை நாளொன்றின் அளவால் வகுத்தால் காத்திருக்கும் காலம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, இரவும் பகலும் இயங்கி நாளொன்றுக்கு 200 டன் பழத்தை ஏற்கும் ஒரு தொழிற்சாலையைக் கொள்வோம். அதன் வெளியே 600 டன் பழம் நிற்கிறது. 600-ஐ 200-ஆல் வகுக்க, ஒவ்வொரு லாரியும் மூன்று நாள் நிற்க வேண்டும் என்பது விளங்கும். நாள்தோறும் 200 டன் புதிதாக வந்துகொண்டிருந்தால் இவ்வரிசை பருவம் முழுதும் குறையாது. ஓட்டுநரை விரைவுபடுத்துவதாலும், வாயிலில் மேற்பார்வையாளரைக் கூட்டுவதாலும் பயனில்லை.

அதே தொழிற்சாலையின் வெளியே 50 டன் மட்டுமே நிற்குமானால் காத்திருப்பு 6 மணி நேரமாகக் குறையும். இவ்விரு நிலைகளிலும் யந்திரம் ஒன்றே. நாளொன்றுக்கு அரைபடும் பழமும் 200 டன்னே. ஆகவே மிகுந்து நின்ற 550 டன்னால் தொழிற்சாலைக்கு ஒரு பீப்பாய்க் கூழும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. கிடைத்தது, யந்திரம் ஒருபோதும் பழமின்றி நிற்காது என்னும் நிச்சயம் மட்டுமே. அந்த நிச்சயத்திற்கான விலையை லாரி வாடகையாகவும் எடைக் குறைவாகவும் செலுத்துபவர் விவசாயி. தொழிற்சாலையின் கணக்குப் புத்தகத்தில் அச்செலவு எழுதப்படுவதில்லை. எழுதப்படாத செலவைக் குறைக்க எவரும் முனைவதில்லை என்பதும் இயல்பே.

வெட்டு உத்தரவும் கான்பனும்

ஜப்பானிய அட்டையின் கருத்து தமிழ்நாட்டு விவசாயிக்கு முற்றிலும் புதியதன்று. சர்க்கரை ஆலைக்குப் பதிவு செய்த கரும்பை விவசாயி தம் விருப்பப்படி வெட்டுவதில்லை. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்த பின்னரே வெட்டுகிறார். வெட்டிய கரும்பு காத்திருந்தால் சர்க்கரைச் சத்து குறையும் என்பதால் ஏற்பட்ட வழக்கம் இது. ஆலையின் தேவையே வயலில் வேலையைத் தொடங்கிவைக்கிறது. கான்பனின் உட்பொருளும் இதுவே.

மாங்கூழ்த் தொழிலிலும் முன்கூட்டியே நாள் குறித்துச் சீட்டு வழங்கி, அந்நாளுக்கு முன்னதாகப் பறிக்காமல் இருக்கச் செய்யலாம். முற்றிய காய் லாரியில் பொறுப்பதைவிட மரத்தில் சில நாள் கூடுதலாகப் பொறுக்கும். தொழிற்சாலையின் பழுக்கவைக்கும் கூடங்களும் வரவின் ஏற்றத்தாழ்வைச் சிறிது சமன்செய்யும். ஆனால் சீட்டு வரிசையை ஒழுங்குபடுத்தும் கருவி மட்டுமே. மொத்த விளைச்சல் மொத்தத் தேவையை விஞ்சும் ஆண்டில் அது வரிசையைச் சாலையிலிருந்து தோப்புக்கு மாற்றுமேயன்றி நீக்கிவிடாது. அந்நிலையில், கையிருப்பிலுள்ள கூழ் எவ்வளவு, கொள்வோர் கேட்கும் அளவு எவ்வளவு என்ற விவரம் பூப்பருவத்திலேயே விவசாயிக்கும் மண்டி வியாபாரிக்கும் எட்ட வேண்டும். செய்தி காலத்தில் வந்தால் வேறு சந்தையையோ வேறு உபயோகத்தையோ தேட அவகாசம் கிடைக்கும்.

மாற்று நேரத்தைக் குறைத்தல்

காத்திருப்பைக் குறைக்க மற்றொரு வழி, யந்திரம் நிற்கும் நேரத்தைக் குறைத்தலாகும். ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு யந்திரத்தை மாற்றும் நேரம் பற்றி ஷிகியோ ஷிங்கோ என்னும் ஜப்பானியப் பொறியாளர் விரிவாக ஆராய்ந்தார். 1969-இல் டொயோட்டாவில், 1000 டன் அழுத்து யந்திரத்தின் அச்சை மாற்ற நான்கு மணி நேரம் ஆயிற்று. அது முதலில் 90 நிமிஷமாகவும், பின்னர் 3 நிமிஷமாகவும் குறைக்கப்பட்டது.

இதன் இரகசியம் எளிது. யந்திரம் நின்ற பிறகே செய்யக்கூடிய வேலைகள் சில. ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடியவை பல. இவ்விரண்டையும் பிரித்து, பின்னவற்றை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். கூழெடுக்கும் யந்திரத்தைக் கழுவ நிறுத்தும்போது, மாற்றுச் சல்லடையும் திருகு சாவியும் கிடங்கிலிருந்து வரும்வரை காத்திருப்பதுண்டு. கழுவிய சல்லடை ஒன்றும் வேண்டிய கருவிகளும் யந்திரத்தின் அருகிலேயே குறித்த இடத்தில் இருந்தால், நிற்கும் நேரம் வெகுவாகக் குறையும். இதற்குப் புது யந்திரம் வேண்டியதில்லை. தொழிலாளியை ஓடச் செய்யவும் வேண்டியதில்லை.

தவறான பொருள்கோள்கள்

சிக்கன முறையின் பெயரால் நேரும் தவறுகள் மூன்றினை அறிந்திருத்தல் நலம்.

ஆட்குறைப்பே சிக்கனம் என்று கருதுவது முதல் தவறு. தொழிலாளர் மீதும் யந்திரத்தின் மீதும் தாங்க முடியாத பளுவை ஏற்றுவதை ‘முரி’ என்றும், வேலையின் ஏற்றத்தாழ்வை ‘முரா’ என்றும் ஜப்பானியர் குறிப்பர். இவ்விரண்டும் விரயத்தைப் போலவே களையப்பட வேண்டியவை. பழுதைக் கண்ட தொழிலாளி வேலையை நிறுத்தும் உரிமையும் இம்முறையின் உயிர்நாடி. நிறுத்தினால் தண்டனை வருமென்று அஞ்சுபவர் பழுதை மறைப்பார். பின்னர் எந்த அட்டையாலும் பயனில்லை.

சரக்கை வலியவர் எளியவர் தலையில் தள்ளுவது இரண்டாம் தவறு. பெரிய நிறுவனம் தன் கிடங்கைக் காலி செய்து, உதிரிபாகம் தருவோரைச் சேமித்து வைக்கச் சொன்னால், அங்கே விரயம் இடம் மாறியதேயன்றிக் குறையவில்லை. தொழிற்சாலை வாயிலில் லாரியை மூன்று நாள் நிறுத்துவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. மரத்திலிருந்து கொள்வோர் கை வரையிலுள்ள வழி முழுவதையும் ஒன்றாக அளந்தால்தான் சிக்கனம் உண்மையானதா என்பது தெரியும்.

எல்லாச் சேமிப்பையும் அறவே நீக்குவது மூன்றாம் தவறு. 1997 பிப்ரவரி 1-இல் ஜப்பானின் காரியா நகரில், டொயோட்டாவுக்குத் தடை வால்வு தயாரித்த ஐசின் தொழிற்சாலையில் தீப்பற்றியது. கையிருப்பு மிகக் குறைவாயிருந்ததால் ஜப்பானிலிருந்த டொயோட்டா ஆலைகள் சில நாட்கள் பெரும்பாலும் நின்றுபோயின. சுற்றியிருந்த பல நிறுவனங்கள் முன்வந்து அவ்வால்வைச் செய்து கொடுத்ததால் வேலை விரைவில் மீண்டது. 2011-இல் ஏற்பட்ட பூகம்பத்திற்குப் பிறகு, எளிதில் கிடைக்காத மின்னணுப் பகுதிகளைச் சில மாதங்களுக்குச் சேமித்து வைக்குமாறு தனக்குப் பொருள் தருவோரை அந்நிறுவனம் கேட்டுக்கொண்டது. எங்கே, எவ்வளவு சேமிப்பது என்று ஆராய்ந்து வைப்பதும் சிக்கனத்தின் பகுதியே.

அண்மையிலுள்ள சான்றுகள்

இத்தகைய ஒழுங்குமுறைகளைக் காண ஜப்பானுக்குச் செல்ல வேண்டியதில்லை. தரத்தை எல்லோர் பொறுப்பாகவும் கொண்டு நடத்தும் நிறுவனங்களுக்கு ஜப்பானில் 1951 முதல் டெமிங் பரிசு வழங்கப்படுகிறது. சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-இல் இப்பரிசைப் பெற்றது. இந்தியாவில் இதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. குடிபாலாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சோளிங்கரிலுள்ள பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்படப் பிரிவு 2003-இல் பெற்றது. டெமிங் பரிசு சிக்கன முறைக்கென்றே ஏற்பட்டதன்று. எனினும் பழுதைத் தோன்றிய இடத்திலேயே களைவது இரண்டிற்கும் பொது.

சிறு தொழில்களுக்கு உதவும் பொருட்டு மத்திய அரசு 2023 மார்ச் 10-இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான புதிய ‘லீன்’ திட்டத்தைத் தொடங்கியது. அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்னும் மூன்று படிகளைக் கொண்ட அத்திட்டத்தில், ஆலோசனைச் செலவில் நூற்றுக்கு 90 பங்கை அரசு ஏற்பதாக அறிவிக்கப்பட்டது.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இக்கருத்தை நான்கு மாணவரும் பழைய தாள்களும் கொண்டு விளக்கலாம். காகித உறை செய்வதை நான்கு கட்டங்களாக்கி, ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு கட்டத்தை ஒப்படைக்க வேண்டும். ஒரு கட்டத்திற்கு ஒரு நிமிஷம் என்றும், மொத்தம் 20 உறைகள் என்றும் கொள்க.

முதல் முறை, ஒவ்வொருவரும் 20 தாள்களையும் முடித்த பிறகே அடுத்தவரிடம் கொடுக்கட்டும். முதல் உறை 61-ஆம் நிமிஷத்திலும், கடைசி உறை 80-ஆம் நிமிஷத்திலும் முடியும். இரண்டாம் முறை, ஒவ்வொரு தாளும் முடிந்தவுடன் அடுத்தவரிடம் செல்லட்டும். முதல் உறை 4-ஆம் நிமிஷத்திலும், கடைசி உறை 23-ஆம் நிமிஷத்திலும் முடியும். எவரும் வேகமாக மடிக்கவில்லை. ஒரு தாளுக்கு ஆன உழைப்பு இரு முறையிலும் 4 நிமிஷமே. வகுப்பு நேரத்திற்கு ஏற்ப உறைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

பின்னர், முதல் மாணவரிடம் மட்டும் இரகசியமாகத் தவறாக மடிக்கும்படி கூறி, நான்காம் மாணவர் தவறைக் கண்டவுடன் அறிவிக்கச் செய்க. முதல் முறையில் 20 தாள்களும் கெட்டிருக்கும். இரண்டாம் முறையில் மூன்று நான்கு தாள்களோடு தவறு வெளிப்படும். குவியல் சிறிதானால் காத்திருப்பு மட்டுமன்றிப் பழுதும் குறையும் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

தொழிற்சாலையையோ, நெல் கொள்முதல் நிலையத்தையோ, பால் சேகரிப்பு நிலையத்தையோ பார்வையிடச் செல்லும் களப்பணியாளர், யந்திரத்தின் அருகே செல்லுமுன் வாயிலில் சிறிது நேரம் நிற்பது நல்லது. ஒரு வண்டியையோ ஒரு மூட்டையையோ குறித்துக்கொண்டு, அது உள்ளே வந்து வெளியே செல்லும் வரை தொடர வேண்டும். அதன் மீது உண்மையில் வேலை நடந்த நிமிஷங்களை ஒரு பத்தியிலும், அது சும்மா இருந்த நேரத்தை மற்றொரு பத்தியிலும் எழுத வேண்டும். இரண்டாம் பத்தி முதற் பத்தியைவிடப் பல மடங்கு பெரிதாயிருப்பதைப் பெரும்பாலும் காணலாம்.

அதன் பின்னர் மூன்றாம் பத்தி ஒன்றையும் சேர்த்து, அந்தந்தக் காத்திருப்பின் செலவை ஏற்பவர் யார் என்று குறிக்க வேண்டும். குடிபாலாச் சாலையில் நிற்கும் மாம்பழ லாரிக்கு இப்பட்டியலைத் தயாரித்தால், தொழிற்சாலையின் கணக்கில் இதுகாறும் இடம்பெறாத பெயரொன்று அதில் முதலாவதாக வரும். நிர்வாகியும் விவசாயியும் ஒருங்கே அமர்ந்து அப்பட்டியலைப் படிக்க ஏற்பாடு செய்தல், அடுத்த பருவத்திற்கு முன்னர் களப்பணியாளர் ஆற்றக்கூடிய பயனுள்ள பணியாகும்.